யாருடைய வானத்தை அளக்கிறோம்?

2025 ஜூன் 12 முதல் இலங்கையில் மின்கட்டணம் 15 சதவீதம் கூடியது. கூடவே பழைய புத்திமதியும் வந்தது: வீணாக லைட் போடாதீர்கள். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில், எங்கள் கிழக்குக் கரையின் பாசிக்குடாவில், பகல் பதினொரு மணிக்கு லைட் போடாமல் இருக்க முடியாத அறைகளைக் கட்ட அனுமதித்தது யார் என்று எவரும் கேட்கவில்லை.

போருக்குப் பின் இங்கே எழுந்த விடுதிகள் கடலைப் பார்க்கின்றன, அதாவது கிழக்கை. காலை வெயில் தண்ணீரில் பட்டு நேராகக் கண்ணில் அடிக்கிறது. ஏழு மணிக்கே திரைச்சீலையை இழுத்துவிடுகிறார்கள். வெயில் கூரைக்கு மேலே ஏறிய பிறகும் அதைத் திறக்க யாருக்கும் நினைவு வருவதில்லை.

ஆய்வுலகத்துக்கும் இதில் பங்குண்டு. கட்டடக்கலைஞர்கள் நெடுங்காலம் நம்பிய பகலொளிக் காரணி, முழுக்க மேகம் மூடிய வானத்தை வைத்துப் போடும் கணக்கு. நேர்வெயில் அதில் இல்லை. ஆகவே கிழக்கு யன்னலும் வடக்கு யன்னலும் அதற்கு ஒன்றுதான்! ரூர்க்கியின் மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் தெளிந்த வானத்தையே எடுத்து, வெளியொளி 8,000 லக்ஸ் என்று இந்தியாவுக்கெனத் தனிக்கணக்கு வகுத்தார்கள். 2005க்குப் பின் மணிக்கு மணி வெயிலைக் கணிக்கும் முறைகள் பரவிவிட்டன. ஆனால் கணினிக்கு எந்த வானத்தைக் கொடுக்கிறோமோ அந்த வானத்துக்குத்தான் அது விடை சொல்லும்.

வெளிச்சம் சொகுசு அல்ல. கலிபோர்னியாவின் கபிஸ்த்ரானோ பாடசாலைகளில் லீசா ஹெஷோங் குழுவினர் செய்த ஆய்வு 1999இல் வந்தது. பகலொளி மிகுந்த வகுப்பறைப் பிள்ளைகள், மிகக் குறைந்த அறைகளில் இருந்தவர்களைவிட ஒரே ஆண்டில் கணிதத்தில் 20 சதவீதமும் வாசிப்பில் 26 சதவீதமும் வேகமாக முன்னேறியிருந்தார்கள். இருபத்தாறு சதவீதம்! எந்த ரியூஷன் வகுப்பு இதைத் தரும்? 2003இல் அதே குழு பிரெஸ்னோவில் செய்த ஆய்வில் அதே முடிவு கிடைக்கவில்லையே என்பார்கள். ஆனால் யன்னல் கண்ணைக் கூசவைத்தால் படிப்பு கெடும் என்றும் அந்த ஆய்வு கண்டது. பாசிக்குடாக் கண்ணாடியைப் பற்றி நான் சொல்வதும் அதுவே.

எல்இடி மலிவு, பிறகென்ன என்போருக்கு ஒரு வரி போதும்: அந்தக் கண்ணாடி உள்ளே விடும் சூட்டை வெளியேற்ற ஓடும் ஏசிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எங்கள் பழைய பாடசாலைகளின் அரைச்சுவர் வகுப்பறைக்கு இருபுறமும் வெளிச்சம் வரும். தாழ்ந்த சாய்ப்பு உச்சி வெயிலை மறிக்கும். சாய்ந்து வரும் காலை வெயிலுக்கு வீட்டு விறாந்தைகளில் கிடுகுத் தட்டி தொங்கியது. கண்கூச்சத்தை வெளியிலேயே நிறுத்தி, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும் இந்த ஏற்பாட்டை அளந்து எழுத வேண்டிய தலைமுறை, அரைச்சுவரை அடைத்துக் கண்ணாடி பூட்டுகிறது.

மொறட்டுவையில் கட்டடக்கலைப் பீடம் இருக்கிறது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இங்கே ஒரு கூரையில் ஒளிமானி வைத்து, மாரியும் கோடையுமாக எங்கள் வானத்தை ஓராண்டு அளக்கட்டும். அதுவரை, வெளியே தட்டியோ நிழலோ காட்டாத கடற்பக்கக் கண்ணாடிச் சுவர் எதற்கும் பிரதேச சபை கையெழுத்து வைக்கக் கூடாது.