வாசிப்பவர் வாய் மூடினால்...

ஈய அச்சுக் காலத்துப் பத்திரிகை அலுவலகங்களில் ஒப்புநோக்கும் வேலையை இருவராகச் செய்வது வழக்கம். ஒருவர் மூலப்பிரதியை உரத்து வாசிப்பார். மற்றவர் அச்சுப்படியைத் திருத்துவார். வாசிப்பவர் திடீரென நிறுத்தினால் ஏனென்று நிமிர்ந்து பார்க்கலாம். பார்வையற்ற ஒருவருக்குக் கணினித் திரையை வாசித்துக் காட்டும் கருவி வாய் மூடிக்கொண்டால் அவர் எதைப் பார்ப்பது?

திரைவாசிப்பு மென்பொருள் திரையிலுள்ள எழுத்தைத் திரட்டிக் கொடுக்க, அதைப் பேச்சாக மாற்றும் பணியைத் தனிப் பெட்டியொன்று செய்த காலம் இருந்தது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வாளர் டென்னிஸ் கிளாட்டின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1984இல் வெளிவந்த டெக்டோக் அவற்றுள் புகழ்பெற்றது. இன்று அப்பணியைப் பெரும்பாலும் மென்பொருளே செய்துவிடுகிறது. ஆயினும், பழகிய குரலைக் கைவிட மனமின்றி அப்பெட்டிகளைப் பேணுவோர் இன்னமும் உள்ளனர்.

பெட்டி மௌனமானால் அவர்களுக்குக் கிடைக்கும் ஆலோசனையோ கண்ணுடையோருக்கு உரியது. "பச்சை விளக்கு எரிகிறதா? திரையில் என்ன செய்தி வருகிறது?" என்று கேட்பார்கள். இவ்விரண்டையும் காண முடியாதவரிடம் கேட்கும் கேள்விகளா இவை?

காதாலும் விரலாலும் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. பல பெட்டிகள் மின்சாரம் கொடுத்ததும் தாமாகவே சில சொற்கள் பேசும். அது கேட்டால் பெட்டியும் அதன் ஒலிபெருக்கியும் நலம். பழுது இணைப்பு வயரிலோ கணினியிலோ இருக்கிறது. கேட்காவிட்டால் மின்னிணைப்பு, ஒலியளவுத் திருகி, உள்ளிருக்கும் பற்றரி ஆகியவற்றை வரிசையாகத் தடவிப் பார்க்கவேண்டும். பேச்சு உளறலாக வந்தால், ஒரு பக்கம் 9600, மறுபக்கம் 2400 என இரு பக்கத்துத் தரவு வேகமும் பொருந்தாதிருக்கலாம். சீரியல் போர்ட் இல்லாத மடிக்கணினியில் யு.எஸ்.பி. மாற்றி பயன்படுத்துவோர் அதை வேறு துளையில் செருகினால் போர்ட்டின் இலக்கம் மாறிவிடக்கூடும். மென்பொருளோ பழைய இலக்கத்துக்கே எழுத்தை அனுப்பிக்கொண்டிருக்கும்.

அந்த இலக்கத்தைத் திருத்துவதற்கும் ஒரு குரல் வேண்டுமே! ஆகவே இரண்டாவது குரலொன்று எப்போதும் தயாராக இருக்கவேண்டும் என்பதே என் வாதம். விண்டோஸ் 10, 11 கணினிகளில் விண்டோஸ், கொன்ட்ரோல், என்டர் விசைகளை ஒருசேர அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். கணினியின் சொந்த ஒலியமைப்பில் அது இயங்குவதால் பெட்டியின் மௌனம் அதைப் பாதிக்காது. 2006இல் தொடங்கப்பட்ட என்.வி.டி.ஏ. இலவசமாகவே கிடைக்கிறது, அதனுடன் வரும் ஈஸ்பீக் தமிழையும் வாசிக்கும்.

கருவியைப் பொருத்திக் கொடுப்பவர்களின் கடமை அதைப் பேசவைத்ததோடு முடிந்துவிடுவதில்லை. முதல் நாளே அதை வேண்டுமென்று மௌனமாக்கி, மீட்கும் வழியை உரியவரின் விரல்களுக்குப் பழக்கவேண்டும். அன்றேல், பாதியில் நின்ற ஒரு கடிதத்தை முடிப்பதற்காக, கண்ணுடைய ஒருவர் வீடு திரும்பும்வரை அவர் காத்திருக்க நேரிடும்.