ஓட்டு போடாதவன் யார்?

காலை நடைக்கு என்னுடன் வரும் நண்பர் ஒருவர் வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தேர்தல் பேச்சு எடுத்தாலே, "கிராமத்தான் ஐநூறு ரூபாய்க்கு ஓட்டை விற்கிறான், நாடு எப்படி உருப்படும்?" என்பார். சென்ற வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, போன தடவை நீங்கள் ஓட்டு போட்டீர்களா?" என்றேன். "அந்த வெயிலில் வரிசையில் யார் நிற்பது?" என்றார்.

இதுதான் விஷயம், நண்பர்களே. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகம் முழுவதும் நூற்றுக்குச் சுமார் 70 பேர் ஓட்டு போட்டார்கள். சேலம், நாமக்கல் இரண்டு தொகுதிகளிலும் 78-க்கு மேல். படித்தவர்கள் நிறைந்த மத்திய சென்னையில் சுமார் 54 தான்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். குமாஸ்தா வேலை கிடைத்தது பழைய சேலம் மாவட்டத்தில். எத்தனையோ தேர்தலுக்கு வாக்குச்சாவடிப் பணிக்குப் போயிருக்கிறேன். முதல் நாள் இரவு பள்ளிக்கூட பெஞ்சில் கொசுக்கடியில் கிடந்து, விடிந்து கதவைத் திறந்தால், பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்த பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ராசிபுரம் பக்கம் ஒரு பாட்டியிடம், "காட்டு வேலையை விட்டுட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். "கூலி போனாப் போகுது சாமி. ஓட்டுப் போடாட்டி நாம செத்துட்டோம்னு பேரை அடிச்சுப்புடுவாங்க" என்றார். இதைவிடத் தெளிவாக எனக்கு எந்தப் பிரெஞ்சு வாத்தியாரும் குடியுரிமையைச் சொல்லித் தரவில்லை.

பணம் புழங்குவதை நான் மறுக்கவில்லை. காவிரிக்கு அந்தக் கரையில் அரவக்குறிச்சியில் 2016-இல் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே தள்ளி வைத்தார்கள். ஆனால் கொடுப்பவனை விட்டுவிட்டு வாங்குபவனை மட்டும் திட்டுவது என்ன நியாயம்? வாங்கினவன் சொன்னபடியே குத்துகிறான் என்பதற்குத்தான் என்ன சாட்சி? 2019-இல் சேலம் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. ஜெயித்தது. இரண்டே வருடத்தில், அதே தொகுதிக்குள் வரும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் ஐந்தை அ.தி.மு.க. அணிக்குக் கொடுத்தார்கள். 2024-இல் மறுபடி தி.மு.க. டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு. கட்சிகள் சாதி பார்த்து ஆளை நிறுத்துகின்றன, உண்மை. ஆனால் இந்த ஊர் ஜனங்கள் யாருக்கும் பரம்பரைப் பட்டா எழுதித் தரவில்லை.

சரி, மீதி இருபத்திரண்டு பேர் எங்கே? சோம்பேறிகளும் உண்டு, செத்தவர்கள் பேரும் உண்டு. ஆனால் நாமக்கல் லாரி டிரைவர் அன்றைக்கு நாக்பூர் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். திருச்செங்கோட்டு ரிக் வண்டிப் பையன் சத்தீஸ்கரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருப்பான். ராணுவத்தாருக்குத் தபால் ஓட்டு உண்டு, தேர்தல் பணியில் இருந்த எனக்கு உண்டு, 85 வயது தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே ஓட்டு உண்டு. நாட்டுக்கே சரக்கு ஏற்றிப் போகிறவனுக்கு எதுவும் இல்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் என் உறவினர் அங்கேயே இருந்துகொண்டு பாரீஸ் அதிபர் தேர்தலில் ஓட்டு போடுகிறார். வர முடியாவிட்டால் 'ப்ரொக்யுராசியோன்' என்று எழுதிக் கொடுத்து, வேறொரு வாக்காளரைத் தனக்காகப் போடச் சொல்லலாம். கடல் தாண்டிய நாட்டுக்கு அது முடிகிறது. இங்கே ஒரே நாட்டுக்குள் முடியவில்லை. 2022 டிசம்பரில் தேர்தல் கமிஷன், வெளியூரில் இருந்தே ஓட்டு போட ஓர் இயந்திரம், ஒன்றில் 72 தொகுதிகள் வரை, என்று அறிவித்தது. மறு மாதமே பல கட்சிகள் எதிர்த்தன. சந்தேகம் இருந்தால் தீர்த்துக்கொள்ளட்டும். அதோடு கிடப்பில் போடுவதா?

கிராமத்தானைத் திட்டுகிற நேரத்தில், அந்த டிரைவருக்கு ஓட்டு கேட்டு ஒரு மனு எழுதலாம். நண்பரிடம் இதைச் சொன்னேன். பேசாமல் நடந்தார். அடுத்த தேர்தலன்று காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு வாசலில் நிற்கப் போகிறேன், கையில் குடையோடு.