பழைய குடம், புதிய சக்கரம்

பஞ்சாபின் லூதியானாவும் சென்னையை அடுத்த அம்பத்தூரும் மிதிவண்டித் தொழிலால் பெயர்பெற்றவை. நாடெங்கும் பால்காரரும் தொழிலாளரும் மாணவரும் இன்றும் மிதிவண்டியை நம்பியுள்ளனர். ஆயினும், சக்கரத்தின் விளிம்பு துருப்பிடித்தாலோ வளைந்தாலோ, முழுச் சக்கரத்தையும் எறிந்துவிட்டுப் புதியது வாங்குவோர் பலர். இது பெரும்பாலும் வீண்செலவே.

சக்கரத்தின் முதன்மை உறுப்புகள் மூன்று: நடுவில் குடம், வெளியே விளிம்பு, இரண்டையும் இணைக்கும் கம்பிகள். கடைத்தெருவில் குடத்தை ‘ஹப்’ என்றும் விளிம்பை ‘ரிம்’ என்றும் கூறுவர். இம்மூன்றும் ஒரே காலத்தில் கெடுவதில்லை. மழைநீரையும் பள்ளத்தின் அடியையும் பிரேக் கட்டையின் உராய்வையும் தாங்கும் விளிம்பு விரைவில் நலிகிறது. சக்கரம் சுழலுந்தோறும் தளர்ந்தும் இறுகியும் உழைக்கும் கம்பிகள், நாளடைவில் வளைவில் அறுகின்றன. குடத்திலோ பெரும்பாலும் தேய்பவை உள்ளிருக்கும் குண்டுகளும் கோன்களுமே. அவற்றை மாற்றிப் புதிய கிரீஸ் இட்டால் குடம் மீண்டும் நெடுங்காலம் உழைக்கும்.

எனினும் பழையவை எல்லாம் நல்லவை அல்ல. கம்பித் துளைகளைச் சுற்றி விரிசல் இருந்தாலோ, குண்டுகள் உருளும் கிண்ணத்தில் குழி விழுந்திருந்தாலோ, அக்குடத்தை விலக்குவதே அறிவுடைமை. சிக்கனம் உயிரினும் பெரிதன்று. துளைக் கணக்கும் பொருந்த வேண்டும். இந்தியாவின் பழைய வகைப் பெரிய மிதிவண்டியில் வழக்கமாக முன்சக்கரத்திற்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்திற்கு 40 கம்பிகளும் உண்டு. 40 துளைக் குடத்திற்கு 40 துளை விளிம்பே ஏற்றது. பழைய கம்பிகள் பதித்த தடத்திலேயே புதியவற்றையும் கோப்பது குடத்திற்கு நல்லது.

ஆயத்தச் சக்கரம் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பர் சிலர். அது உண்மையே. கம்பி கோத்துக் கோட்டம் எடுக்க நேரமும் பழகிய கையும் வேண்டும்; கூலியும் கொடுக்க வேண்டும். ஆனால், அக்கூலி ஒரு தொழிலாளியின் திறமையை வாழவைக்கிறது. அத்திறமையைக் கேட்பார் இல்லாது போனால், தெருமுனைக் கடையில் கோட்டம் எடுக்கத் தெரிந்தவரும் இல்லாது போவார். பின்னர் சில கம்பிகள் அறுந்தாலே முழுச் சக்கரம் வாங்க நேரிடும். அச்சுமை, மிதிவண்டியில் வேலைக்குச் செல்லும் ஏழையின் தலையிலேயே விழும்.

எனவே, சக்கரம் கெட்டால் முதலில் குடத்தைத் திறந்து பார்க்க வேண்டும். புதியதன் விலையைக் கேட்பது அதன் பின்னரே.