பொன்னாடை போர்த்தி மூடலாமா?

கனடா நாட்டுக் கவிஞர் ரீட்டா ஜோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு சொல்லை மறக்காமல் சேர்த்து விடுகிறார்கள். அவர் மிகவும் மென்மையானவராம். யார் மனமும் நோகாமல் எழுதினாராம். பத்துப் பிள்ளைகளை வளர்த்த தாயாம். ஓர் இனத்துக்கே பாட்டியாம். இந்த உபசாரங்களையெல்லாம் கேட்டு முடித்த பிறகு, அந்த அம்மாள் என்னதான் எழுதினார், எதற்காக எழுதினார் என்பது மட்டும் நம் மனத்தில் நிற்பதில்லை. பொன்னாடை போர்த்துகிற சாக்கில் ஆளையே மூடி விடுகிறார்கள் என்பது என் கட்சி.

முதலில் ஆள் யாரென்று சொல்லி விடுகிறேன். கனடாவின் கிழக்குக் கோடியில் நோவா ஸ்கோஷியா மாகாணம். அதில் கேப் பிரெட்டன் என்று ஒரு தீவு. வெள்ளைக்காரர்கள் கப்பலேறி வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்தப் பக்கத்தில் வாழ்ந்து வருகிறவர்கள் மிக்மாக் மக்கள். செவ்விந்தியர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, கொலம்பஸ் திசை தெரியாமல் வைத்த அந்தப் பெயருக்குள் போட்டு அடைத்த எத்தனையோ இனங்களில் அதுவும் ஒன்று. அந்த இனத்தில் 1932-ம் ஆண்டு, வைகாகமா என்ற ஊரில் ரீட்டா பிறந்தார். ஐந்து வயதில் தாயார் போய்விட்டார். பிறகு இந்த வீடு, அந்த வீடு என்று பிறத்தியார் வீடுகளில் வளர்ப்பு. சில ஆண்டுகளில் தகப்பனாரும் காலமானார். பன்னிரண்டாவது வயதில் ஷூபனாக்கடி என்னும் இடத்திலிருந்த உறைவிடப் பள்ளியில் சேர்ந்தார். பதினாறாவது வயதில் வெளியே வந்தார்.

சர்க்கார் பணம் கொடுக்க, கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி அது. 1930 முதல் 1967 வரை நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அதில் அடைபட்டார்கள். அங்கே தாய்மொழியில் பேசினால் தண்டனை. குழந்தையின் வாயிலிருந்து மொழியை எடுத்து விட்டால், அதன் மனத்திலிருந்து குலத்தையும் எடுத்து விடலாம் என்பது அந்தக் கல்வியின் தத்துவம். தாய்மொழி பேசியதற்காக அடி வாங்கிய பிள்ளை, நாளைக்குத் தான் பெற்ற பிள்ளையிடம் அந்த மொழியில் கொஞ்சுமா? அது பட்ட அடி அடுத்த தலைமுறையின் நாக்கிலும் விழுகிறது.

சிலர் இங்கே குறுக்கே வருவார்கள். "அந்தப் பெண் தானாகவே கடிதம் எழுதிக் கேட்டுத்தானே அந்தப் பள்ளியில் சேர்ந்தார்? பள்ளியைப் பற்றி நல்லதும் சொல்லியிருக்கிறாரே!" என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால், கடிதம் எழுதியது யார்? தாயும் தகப்பனும் இல்லாமல் வீடு மாறி வீடு அலைந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி. மழைக்கு ஒதுங்கிய குழந்தையைப் பார்த்து, "நீயாகத்தானே இந்தத் திண்ணைக்கு வந்தாய்" என்று சொல்லி விட்டு அதன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொண்டவனுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? தமக்கு நேர்ந்தவற்றில் நல்லதையும் நினைத்துப் பார்த்தது அந்த அம்மாளின் பெருந்தன்மை. அதைப் பள்ளிக்கு நற்சாட்சிப் பத்திரமாக எழுதிக் கொள்ள யாருக்கும் உரிமை கிடையாது.

அவருடைய கவிதைகளில் மிகவும் பேர்பெற்றது, பேச்சை இழந்ததைப் பற்றிய ஒரு சின்னக் கவிதை. தலைப்பு மட்டும் பார்த்தால் ஏதோ கைதவறி எங்கேயோ போட்டு விட்டது போல, 'இழந்தேன்' என்றுதான் இருக்கிறது. உள்ளே போனால் சங்கதி வேறு. அங்கே ஒரு 'நீ' வந்து நிற்கிறது. பறித்தது நீ என்கிறது கவிதை. கடைசியில் கையை நீட்டுகிறார். என் பேச்சை நான் தேடிக் கொள்ள விடு, என்னைப் பற்றி உனக்குச் சொல்லித் தருகிறேன் என்ற பொருளில் முடிக்கிறார். மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த நீட்டிய கை மிகவும் பிடித்திருக்கிறது. 'நீ' என்று சுட்டிய விரலும் அதே கையில்தான் இருக்கிறது என்பதை அவர்கள் பார்ப்பதில்லை.

அவர் எழுத வந்த கதையும் இப்படித்தான். அவர் எழுதத் தொடங்கியது 1960-களில். கல்யாணமாகிக் குழந்தைகள் பெற்ற பிறகு. தம் மக்களைப் பற்றிப் புத்தகங்களில் இழிவாக எழுதியிருப்பதைக் குழந்தைகள் படிக்கிறார்களே என்ற ஆற்றாமைதான் அவரைப் பேனா எடுக்க வைத்தது. மிக்மாக் மக்களின் பத்திரிகையில் எழுதினார். 1978-ல் முதல் கவிதைப் புத்தகம் வந்தது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளிடம் கவிதை படித்தார். எஸ்கசோனியில் தம் மக்களின் கைவேலைகளை விற்க ஒரு கடையும் நடத்தினார். தாய், ஆசிரியை, கலைஞர் என்று அவரை மூன்றாகப் பிரித்துப் பாராட்டுகிறார்களே, பொய் எழுதிய பாடப் புத்தகத்துக்கு ஒரு தாய் எழுதிய மறுப்பில் இந்த மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

தாய் என்றவுடன் நம்முடைய குற்றத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கதை எழுதுகிற எனக்கும், படிக்கிற உங்களுக்கும் ஒரு பலவீனம் உண்டு. பொறுமையே உருவான ஒரு தாயைக் கதையில் உலவ விட்டால் போதும். நாம் கண்ணீர் விட்டு அந்தக் கதையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவோம். அவள் ஏன் பொறுக்க வேண்டியிருந்தது, பொறுக்க வைத்தவர் யார் என்று கேட்க மாட்டோம். ரீட்டா ஜோ அந்தத் தாய் அல்ல. 1996-ல் வெளிவந்த சுயசரிதையில், கணவர் தம்மை அடித்ததைக்கூட மறைக்காமல் எழுதினார். அவர் பிற்பாடு திருந்தியதையும் எழுதினார். குடும்ப கௌரவம் என்று முந்தானையால் வாயை மூடிக் கொள்ளவில்லை. இப்படிப்பட்டவரைக் குலமாதா என்று படத்தில் மாட்டிக் கற்பூரம் காட்டினால், அவர் வாயைத் திரும்பவும் மூடியதாகத்தானே ஆகும்?

சர்க்காரின் கணக்கையும் பார்த்து விடுவோம். 1989-ல் கனடா அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றைக் கொடுத்தது. பல்கலைக்கழகங்கள் கௌரவ டாக்டர் பட்டங்கள் கொடுத்தன. 2007 மார்ச் 20-ம் தேதி அவர் காலமானார். உறைவிடப் பள்ளிகளுக்காகக் கனடாவின் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டது 2008 ஜூன் 11-ம் தேதி. மிக்மாக் மொழிதான் இம்மண்ணின் முதல் மொழி என்று நோவா ஸ்கோஷியா மாகாணச் சட்டம் ஒப்புக் கொண்டு அமலுக்கு வந்தது 2022 அக்டோபரில். பதக்கம் முந்திக் கொண்டது. மன்னிப்புக்கு வழியில் பத்தொன்பது வருஷம் பிடித்தது. குற்றத்தை ஒப்புக் கொள்வதைவிடக் குற்றம் சாட்டியவரைக் கௌரவிப்பது எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா?

விருதே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அதை மகிழ்ச்சியோடு வாங்கிக் கொண்டார். தம் மக்களுக்குக் கிடைத்த மரியாதையாக நினைத்தார். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? அவருடைய மென்மையும் பொய்யல்ல. இரைந்து பேசினால் கேட்காத காதுகள் மெல்லப் பேசினால் கேட்கும் என்று அவர் தீர்மானித்திருக்கலாம். ஆனால், மெல்லச் சொன்னதால் வழக்கு தள்ளுபடியாகி விடாது.

பார்க்கின்சன் நோயில் உடம்பு நடுங்கிய கடைசிக் காலத்திலும் அவர் எழுதுவதை விடவில்லை. இறந்த அன்று அவருடைய டைப்ரைட்டரில் திருத்திக் கொண்டிருந்த ஒரு கவிதை இருந்தது என்கிறார்கள். சாந்தி அடைந்து சாய்ந்து உட்கார்ந்து விட்ட பாட்டி செய்கிற வேலையா இது? சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்று நினைத்தவர் செய்கிற வேலை. ஆகவே, அடுத்த தடவை யாராவது மேடையேறி, "ஆகா, எவ்வளவு மென்மையானவர்!" என்று உருகினால், முன் வரிசையிலிருந்து யாராவது ஒருவர் எழுந்து, "அவர் பேச்சைப் பறித்தது யார் என்றும் சொல்லி விட்டு உட்காருங்கள், ஐயா" என்று கேட்க வேண்டும்.