பனிக்காட்டுக் குறிப்புகள் – 14: 500 டாலர் டர்போ

போன பதிவுல தீசிஸ் கதைய எழுதுறேன்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் தலைமறைவாயிட்டேன். தீசிஸ் அப்படியே இருக்கு, அதப் பத்திப் பேச வேண்டாம். இன்னிக்கு வண்டிக் கதை. கொஞ்சம் அசிங்கப்பட்ட கதையும்தான்.

நான் குடியிருக்கிறது கோத்-தெ-நேஜ்ல, மாடி வீடு. கீழ்வீட்டுல ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் குடும்பம். அண்ணனுக்கு வாரநாள்ல தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறு கேட்டரிங். கல்யாணம், சாமத்தியவீடு, கோயில் விசேஷம்னு எதுக்குக் கூப்பிட்டாலும் போவார். சமையல் அக்கா கை. (அந்தக் கத்தரிக்காய்க் குழம்புக்குத் தனிப் பதிவே போடணும்.) அண்டா, அடுப்பு, மேசை, நாற்காலி எல்லாம் ஏத்த 6 அடிக்கு 12 அடி மூடின டிரெய்லர் ஒண்ணு வாங்கிட்டார். இழுக்கத்தான் வண்டி இல்ல. இத்தனை நாள் வேன் குடுத்த நண்பர் டொராண்டோவுக்குக் குடிபோறார்.

பட்ஜெட் 15,000 டாலர். அதுல பாதி சீட்டுப் பணம்.

"தம்பி, நீங்கள் எஞ்சின் தானே படிக்கிறியள்? ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார் அண்ணன்.

நான் மெக்கானிக்கல்தான். ஆனா தீசிஸ் காத்தாடி இறக்கையப் பத்தி. அத எப்படிச் சொல்றது? நாமக்கல்காரன் வேற. லாரி ஊர்ல பொறந்துட்டு வண்டி தெரியாதுன்னா மானம் போயிடாதுங்களா? "பார்த்துடலாம்ணே"ன்னுட்டேன்.

டர்போ எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு: முன்னெல்லாம் இங்க பிக்கப்னா எட்டு சிலிண்டர்தான். 2011 மாடல்ல ஃபோர்டு எஃப்-150ல ஆறு சிலிண்டர், 3.5 லிட்டர், ரெட்டை டர்போ எஞ்சின் ஒண்ணு வந்துச்சு. இழுவிசை 420 பவுண்டு-அடி, அதுவும் 2500 சுத்துலயே. அதே வருஷம் அதே வண்டியில வந்த 5 லிட்டர் எட்டு சிலிண்டருக்கு 380தான், அதுவும் 4250 சுத்துக்குப் போனாத்தான். சிக்னல்ல பாரத்தோட நின்னு கிளம்பும்போது வேணுங்கிறது கீழ்ச் சுத்து இழுவை. எஞ்சினை அலற விடாமலே அதக் குடுக்குறது டர்போ. அதுக்கப்புறம் மத்த கம்பெனிகளும் இந்தப் பாதைக்கு வந்தாச்சு, இப்ப பழைய வண்டிச் சந்தையில டர்போ நிறைய. 2005ல வந்த நம்ம குட்டி யானைக்கு ரெண்டு சிலிண்டர், 16 குதிரை, டர்போவும் கிடையாது. அதுல ஏத்துன பாரத்தப் பார்த்து வளர்ந்தவனுக்கு 300 குதிரைன்னா தலை சுத்தாதா?

லவால்ல ஒரு தனியார்கிட்ட வண்டி இருக்குன்னு ஏப்ரல்ல போனோம். எந்தக் கம்பெனி வண்டின்னு சொல்லல, மேல சொன்னது இல்ல. பளபளன்னு கழுவி வெச்சிருந்தார். ஓட்டிப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டர்ல கால் வெச்சா முதுகு சீட்டோட ஒட்டுது. எறங்குனதும் "சூப்பர்ணே"ன்னுட்டேன். என் வார்த்தைய நம்பி அண்ணன் அங்கயே 500 டாலர் முன்பணமா எண்ணிக் குடுத்தார். ரசீதுகூட வாங்கல.

ராத்திரி பெருமையா மாமாவுக்கு போன் போட்டேன். மாமா முப்பது வருஷம் லாரி ஓட்டுனவர். கொல்லிமலையோட 70 கொண்டை ஊசியும் அவருக்கு வீட்டு வாசல் மாதிரி.

"போனப்ப பானட்டத் தொட்டுப் பார்த்தியா மாப்ளே?"

"இல்லீங் மாமா..."

"சூடா இருந்திருக்கும். சூடான வண்டி பொய் சொல்லும். காலைல ஆறிக் கெடக்கறப்ப நீ சாவியத் திருப்பு. டர்போ வண்டில வண்டியப் பார்க்காதடா, ஓட்டுனவனப் பாரு."

மாமா சொன்னதுக்கு உள்ள இருக்கிற விஷயம் இதுதான். எஞ்சின் கழிக்கிற புகையே ஒரு சின்ன சக்கரத்தச் சுத்துது. அதே தண்டோட மறுமுனைச் சக்கரம் காத்த அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளுது. தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கும் மேல போகும். அதத் தாங்குறது மெல்லிசான எண்ணெய்ப் படலம், அதுவும் எஞ்சின் ஆயில்தான். ஆயில் மாத்தாம ஓட்டுனா முதல்ல அடிவாங்குறது அந்தத் தண்டு. பாரம் இழுத்து வந்த சூட்டோட சட்டுன்னு அணைச்சா, நிக்கிற எண்ணெய் அங்கயே கருகி ஒட்டும். இப்ப வர்ற டர்போக்களுக்குத் தண்ணிக் குளிர்ச்சியும் உண்டு, அதனால முந்தி அளவு பயமில்ல. ஆனாலும் முன்னால ஓட்டுனவரோட பழக்கம் பூரா அந்தத் தண்டுல எழுதியிருக்கும். அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தா அது தெரியாது.

மறுவாரம் சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போய் நின்னோம். அக்காவும் வந்தாங்க. பானட் ஜில்லுனு இருந்துச்சு. சாவியத் திருப்புனேன். முதல் நாலஞ்சு நொடி தகரடப்பால கூழாங்கல் போட்டு ஆட்டுன மாதிரி சத்தம். அது செயின். பின்னாடி நீலப்புகை, அப்படின்னா எங்கயோ எண்ணெய் எரியுது. ஒரு நிமிஷத்துல ரெண்டும் மறைஞ்சு வண்டி நல்ல பிள்ளையாயிடுச்சு.

நான் பானட்டுக்குள்ள தலைய விட்டு டர்போவையே பார்த்துட்டிருந்தேன். பின்னாடியிருந்து அக்கா குரல்: "இஞ்சை வாங்கோப்பா, இதென்ன அப்பளம் மாதிரிக் கழண்டு வருது?"

குனிஞ்சு பார்த்தா, பின்சக்கரத்துக்கு மேல சேஸிஸ் துரு ஏறி ஏடு ஏடா உரியுது. இந்த ஊர்ல குளிர்காலம் பூரா ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. வருஷா வருஷம் அடியில துரு எதிர்ப்பு எண்ணெய் அடிக்கலைன்னா சேஸிஸ் இப்படித்தான் ஆகும். டிரெய்லர் கொக்கி மாட்டுற இரும்பு நிக்கிறதே அந்தச் சேஸிஸ் மேலதான். எஞ்சின் படிச்ச நான் பார்க்கல, அண்டா அடி கழுவுற அக்கா பார்த்தாங்க.

வண்டி வேண்டாம்னோம். முன்பணம் திரும்பி வரல. கேட்டதுக்கு அவர் சிரிச்சார், எங்களுக்குத் தெரிஞ்ச பிரெஞ்சுல சண்டையும் போட முடியல.

வீடு வர்ற வரைக்கும் கார்ல யாரும் பேசல. மறுநாள் நான் 500 டாலரக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். அண்ணன் தொடவேயில்ல. "உதைக் கொண்டுபோய் வாடகையைக் கட்டும் தம்பி. சூப்பர் எண்டு சொல்ல முதல் இனி ரெண்டு தரம் குனிஞ்சு பாரும்" என்றார். எப்பவும் 'நீங்கள்' போட்டுப் பேசுறவர் அன்னிக்கு 'நீர்'னு சொன்னார். கோவமா, உரிமையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

மூணு வாரம் கழிச்சு ரெண்டாவது வண்டி. அதே டர்போதான், ஆனா ஆயில் மாத்துன பில்லெல்லாம் ஒரு ஃபைல்ல இருந்துச்சு. இந்தத் தடவ பார்த்ததெல்லாம், உங்களுக்கும் ஆகும்:

1. ஆறிக் கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணணும். அப்புறம் கராஜ்ல தூக்கி அடியப் பார்க்கணும். மெக்கானிக் சுத்தியால தட்டுனா 'டங்'னு கேக்கணும், 'தொப்'புனு கேக்கக்கூடாது.

2. விளம்பரத்துல போடுற இழுவைக் கணக்க மட்டும் நம்பாதீங்க. டிரைவர் கதவோரம் ஒரு ஸ்டிக்கர்ல ஆளும் சாமானும் சேர்ந்து எத்தனை எடைன்னு இருக்கும். இதுல 1480 பவுண்டு. டிரெய்லர் நிறைஞ்சா 3500. அதுல பத்துலேர்ந்து பதினஞ்சு சதவீதம் கொக்கி மேல உட்காரணும், இல்லாட்டி டிரெய்லர் வாலாட்டும். 400னு வைங்க. நாலு ஆள் 700. பின்தொட்டியில கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை 300. ஆச்சு 1400! இழுவை பாக்கி கெடக்கு, சுமை தீர்ந்துபோச்சு.

3. பழைய கடன் வண்டி மேல நிக்குதான்னு கியூபெக்கோட ஆர்.டி.பி.ஆர்.எம். பதிவேட்டுல வண்டி எண் போட்டுப் பார்க்கணும். நின்னா, கடன் குடுத்தவர் உங்ககிட்டருந்து வண்டியத் தூக்கலாம்.

4. தனியார்கிட்ட வாங்குனா வண்டிய பேர் மாத்தும்போது மாகாண வரி 9.975 சதவீதம் கட்டணும். விலையக் கம்மியா எழுதித் தப்பிக்க முடியாது, அவங்ககிட்ட மதிப்பீட்டு விலை இருக்கு. 13,500ன்னு பேசி முடிச்சோம், வரியோட 15,000 நெருங்கிடுச்சு.

இங்க வாடகை ஒப்பந்தம் முக்கால்வாசி ஜூன் 30ல முடியும், ஜூலை 1 அன்னிக்கு ஊரே வீடு மாறும். நம்ம பசங்க மூணு பேருக்கு அண்ணன்தான் டிரெய்லர் இழுத்தார், காசு வாங்கல. நான் பக்கத்து சீட்டு. கடைசி மெத்தைய எறக்கிட்டு வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்துனார். சாவியத் திருப்பாம அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"பொறுங்கோ தம்பி, ஒரு நிமிஷம் ஓடட்டும். உங்கட மாமா சொன்னவரெல்லோ?"

'நீங்கள்' திரும்பி வந்துடுச்சு :-)

டிஸ்கி: அந்த 500 டாலர் கவர் இன்னும் என் மேசை டிராயர்லதான் இருக்கு. அண்ணன் வாங்க மாட்டேங்கறார். அக்காவுக்குப் பெரிய அண்டா ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு யோசனை. எந்தக் கடையில நல்லது கிடைக்கும்னு மான்ட்ரியல் மக்கள் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.