விதையும் ஒரு சேமிப்பே

வீட்டுத் தோட்டத்தில் மிளகாய் வளர்ப்போர் பலர் கலப்பின விதையையே நாடுகின்றனர். விளைச்சல் மிகுதிதான், ஆயினும் அதன் பழத்து விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை. ஆண்டுதோறும் புதிதாக வாங்க நேர்கிறது. ஆதலால், கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்துப் பியாடகி போன்ற நாட்டு வகையே ஏற்றது என்பது என் கருத்து. காரம் குறைந்து நிறம் மிகுந்த அம்மிளகாய் 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது.

அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்தால் ஏறக்குறைய 10 நாள்களில் முளைக்கும். 6 வாரத்தில் எடுத்து நடலாம். அருகில் காரமான வகை இருப்பின் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறையில் காரம் ஏறக்கூடும். எனவே, சில மொட்டுகளை மலருமுன் மெல்லிய துணிப்பையால் மூடி, அவற்றில் விளையும் பழங்களையே விதைக்கு ஒதுக்க வேண்டும்.

முதலைக் கரைக்காமல் பயனை நுகர்வதே சேமிப்பின் இலக்கணம். விதைக்கும் அது பொருந்தும்.