பேட்டி காண்பவர்களை நாமும் பேட்டி காண்போம்!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெளிவட்டச் சாலைப் பக்கம் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். செக்யூரிட்டிக் கூண்டுக்குப் பக்கத்தில், வெயிலில், நாலைந்து பெண்கள் நின்றுகொண்டிருப்பார்கள். உட்கார ஒரு ஸ்டூல் இருக்காது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் போட்டோ இரண்டு. மேலே பதினோராவது மாடியில் 'இண்டர்வியூ' நடக்கிறது. பிள்ளை பார்த்துக்கொள்ள ஓர் ஆயா, வீட்டு வேலைக்கு ஓர் ஆள்.

என்ன கேட்கிறார்கள் தெரியுமா? எந்த ஊர்? என்ன ஆளுங்க? கறி தின்பீர்களா? புருஷன் குடிப்பானா? எத்தனை பிள்ளை? இனிமேல் பிள்ளை பெறும் எண்ணம் உண்டா? மாத விலக்கு நாட்களில் பூஜை அறைப் பக்கம் வராமல் இருப்பீர்களா? போன வீட்டில் ஏன் நின்றீர்கள்?

இவ்வளவும் கேட்ட பிறகு, வந்தவள் வாய் திறந்து, "வாரத்துல ஒரு நாள் லீவு உண்டாங்க மேடம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும். "ரொம்பப் பேசுறாளே!" என்று கதவு சாத்தப்படுகிறது.

இது பேட்டியா, போலீஸ் விசாரணையா என்று கேட்கிறோம்.

தோழர்களே, தாய்மார்களே! இதை எழுதக் காரணம் ஊரார் வீட்டுக் கதை அல்ல, நம் வீட்டுக் கதை. சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து நின்றார். தான் வேலை கேட்டுப் போன வீடு யாருடையது என்று சொன்னார். பெயரை நாங்கள் அச்சிடப் போவதில்லை. நம் சங்கத்தில் நெடுநாள் உறுப்பினராக இருக்கும் குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி முப்பது வருஷம் கோரமங்களாவில் பத்துப் பாத்திரம் தேய்த்துத்தான் பிள்ளையை இன்ஜினியராக்கினார். இன்று பிள்ளைக்கு வைட்பீல்டில் பிளாட். மருமகளுக்கு ஆயா தேவை. வந்த சகோதரியிடம் முதல் கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" அந்தப் பாட்டி உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாராம். வாய் பேசவில்லையாம்.

இதைப் பத்திரிகையில் போட வேண்டாம், நம் மானம் போகும் என்று சிலர் சொன்னார்கள். மானம் போவது எழுதுவதாலா, செய்வதாலா?

நாம் யார்?

இந்த ஊரில் தமிழன் எப்படி வந்தான் என்பதை மறந்தவர்களுக்கு நினைவூட்டுகிறோம். வெள்ளைக்காரன் இங்கே தண்டு அமைத்தபோது மதராஸ் பட்டாளத்தோடு வந்தவர்கள் நம் முன்னோர். சிப்பாயாக, சமையல்காரனாக, வண்ணானாக, தோட்டிவேலை செய்பவனாக, ஆயாவாக வந்தார்கள். அல்சூரிலும், சிவாஜி நகரிலும், மர்பி டவுனிலும் அப்படி வந்தவர்கள்தாம் குடியேறினார்கள். துரைசானிகள் நம் பாட்டிமாரைக் கப்பலேற்றிச் சீமைக்கும் கொண்டுபோனார்கள். பிரயாணம் முடிந்ததும், திரும்ப டிக்கெட் வாங்கித் தராமல் பலரை லண்டனில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படிக் கைவிடப்பட்ட ஆயாக்கள் தங்க லண்டனில் ஒரு விடுதியே இருந்தது. ஹாக்னியில் அந்தக் கட்டடத்துச் சுவரில் 2022ல் நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரனுக்கே நூறு வருஷம் கழித்துக் கொஞ்சம் வெட்கம் வந்திருக்கிறது. நமக்கு எப்போது வரும்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஈஜிபுரத்தை நினைத்துப் பாருங்கள். ஏழைகளுக்கென்று மாநகராட்சி கட்டிய குடியிருப்பு. 2007ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மக்கள் தகரக் கொட்டகைகளில் காத்திருந்தார்கள். 2013 ஜனவரியில் புல்டோசர் வந்து கொட்டகைகளையும் தரைமட்டமாக்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீதியில் நின்றன. தலித்துகள், தமிழர், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் என ஏழைகள்தாம். பக்கத்துக் கோரமங்களா வீடுகளைப் பெருக்கித் துடைத்தவர்கள் அந்தப் பெண்களே. பலர் நகரத்து விளிம்பில் சூலிகுண்டேக்கு விரட்டப்பட்டார்கள். வீடு போனது. அதோடு நடந்து போய்ச் செய்த வேலையும் போனது. அன்று எந்த முதலாளியம்மாவாவது, "எங்கள் வீட்டுப் பெண்ணை ஏன் விரட்டுகிறீர்கள்?" என்று தெருவுக்கு வந்தார்களா? 'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்ற வார்த்தை பாத்திரம் தேய்க்கும்வரைதான்!

அவர்கள் பக்கத்து நியாயம்

"குழந்தையை ஒருத்தி கையில் ஒப்படைக்கிறோம், கேட்கக் கூடாதா?" என்கிறார்கள். கேட்கலாம். பத்து மாதம் சுமந்தவள் பயப்படுவது இயற்கை. பிள்ளை வளர்த்த அனுபவம் உண்டா, காய்ச்சல் கண்டால் என்ன செய்வாய், முன்பு வேலை பார்த்த வீட்டாரிடம் விசாரிக்கலாமா என்றெல்லாம் கேட்பது நியாயம். வேலைக்குத் தேவையான எந்தக் கேள்விக்கும் நாங்கள் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் சாதி எந்த வேலைக்குத் தேவை? பிள்ளைக்குப் பால் புகட்டும் கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று தெரிந்தால் பால் இன்னும் சூடாகுமா? குழந்தையை மடியில் வைத்திருக்கலாம், சோபாவில் உட்காரக் கூடாது. குழந்தையின் கழிவைக் கழுவலாம், அந்த வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. குழந்தைக்கு ஊட்டலாம், தனக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். இதை எந்தச் சாத்திரம் விளக்கும்?

இன்னொன்றும் கேட்கிறோம். வந்த ஆயாவின் குழந்தை எங்கே? அதை எந்த மேடமாவது பேட்டியில் கேட்டதுண்டா? "சொந்தப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போடக் கூடாது" என்ற நிபந்தனை மட்டும் உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017ல் சட்டம் திருத்தினார்கள். மாடியில் இருப்பவள் அதையாவது தன் கம்பெனியில் கேட்கலாம். கீழே நிற்பவள் யாரிடம் கேட்பாள்? பக்கத்து வீட்டுக் கிழவியிடம்தான்! சில வீடுகளில் ஆயாவே குழந்தை. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமி, 'ஊரிலிருந்து வந்த சொந்தக்காரப் பெண்' என்ற பெயரில். வீட்டு வேலைக்குச் சிறுவர்களை வைக்கக் கூடாது என்ற தடை 2006 அக்டோபரிலேயே வந்துவிட்டது. கண்டால் 1098க்குச் சொல்லுங்கள். சொந்தக்காரர் என்று பார்க்காதீர்கள்.

விலைப்பட்டியலில் பெண்

இப்போது பேட்டி கைப்பேசிக்குள் போய்விட்டது. 2015ல் ஒரு கம்பெனி, வைரத்தால் என்ன பயன், மனைவிக்கு வேலைக்காரியைப் பரிசளியுங்கள் என்று விளம்பரம் செய்தது! 2025ல் அர்பன் கம்பெனி, பதினைந்து நிமிடத்தில் வேலைக்காரி என்று மும்பையில் ஆரம்பித்து, கண்டனம் எழுந்ததும் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. குடியிருப்பு வாசலில் இருக்கும் செயலியில் நம் பெண்கள் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள் என்று பதிவாகிறது. அவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண்ணும் போடுகிறார்கள். ஒரு வீட்டில் சண்டை வந்தால் எல்லா வீட்டுக் கதவும் சாத்தப்படும். மதிப்பெண் போடும் வீட்டுக்கு மதிப்பெண் போட நம் பெண்களுக்கு ஒரு பொத்தான் உண்டா?

2020ல் கொரோனா வந்தபோது அந்த வாசல் எப்படி நடந்துகொண்டது? பெங்களூரின் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கங்கள் 2,396 பெண்களிடம் விசாரித்துக் கணக்கெடுத்தன. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏப்ரல் மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. விமானத்தில் வந்தது நோய். சந்தேகம் மட்டும் கால்நடையாய் வந்தவள் மேல்!

சட்டம் எங்கே?

சட்டமே இல்லை என்று நினைக்காதீர்கள். காகிதத்தில் உண்டு. கர்நாடக அரசு பல மாநிலங்களுக்கு முன்பே, 2004ல், வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. 2011 ஜூன் 16 அன்று ஜெனீவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அங்கே ஆதரித்துக் கைதூக்கியது. இங்கே வந்து இன்றுவரை அங்கீகரிக்கவில்லை. பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டையும் வேலையிடம் என்று ஒப்புக்கொள்கிறது. மூன்று மாதத்துக்குள் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம், வீட்டு வேலைத் தொழிலாளருக்குத் தனிச் சட்டம் பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் கர்நாடக அரசும் வீட்டு வேலைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்கென ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2007லேயே நல வாரியம் அமைத்தாயிற்று. ஆனால் எல்லை தாண்டி வந்த நமக்கு அந்த வாரியத்தால் என்ன பயன்? 2023ல் வந்த சக்தி திட்டத்தின் இலவசப் பஸ்கூடக் கர்நாடக முகவரி இருந்தால்தான்.

சட்டம் தானாக மாடிப்படி ஏறாது. அதைப் பிடித்து ஏற்ற வேண்டியவர்கள் நாம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகவே, பேட்டிக்குப் போகும் சகோதரிகளே! பயப்படாமல் நீங்களும் கேளுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் இருவராகப் போங்கள்.

1. என்னென்ன வேலை? பிள்ளை பார்க்க மட்டுமா, அதோடு சமையலும் துணியுமா? வேலை கூடினால் சம்பளம் கூடுமா?

2. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? விருந்தாளி வந்து நேரமானால் அதற்குக் கூலி உண்டா?

3. சம்பளம் எந்தத் தேதியில்? கையிலா, வங்கியிலா?

4. வாரத்தில் எந்த நாள் விடுமுறை? பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பிடித்தம் உண்டா?

5. நீங்கள் வெளியூர் போகும் நாட்களுக்குச் சம்பளம் தருவீர்களா? வேலைக்கு ஆள் வேண்டாம் என்பது உங்கள் முடிவு. எங்கள் வயிறு விடுமுறை எடுக்காது.

6. எந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம்? எந்த லிப்ட்? எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்?

7. வீட்டுக்குள் கேமரா எங்கெங்கே இருக்கிறது?

8. பொருள் காணாமற்போனால் முதலில் எங்களைக் கேட்பீர்களா, போலீசை அழைப்பீர்களா?

9. நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்பு சொல்வீர்கள்?

10. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாமா?

இந்தப் பத்தாவது கேள்வியைக் கேட்டதும் முகம் சுளிப்பவர் வீட்டில் மாதக் கடைசியில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை

"ராய்ச்சூர்க்காரி குறைந்த சம்பளத்துக்கு வருகிறாள், வங்காளத்துக்காரி நம் வேலையைப் பிடுங்குகிறாள்" என்ற பேச்சு நம் தெருக்களில் கேட்கிறது. நிறுத்துங்கள்! 1991 டிசம்பரில், காவிரியின் பெயரால் நம் குடிசைகள் எரிந்தபோது, மூட்டை முடிச்சோடு ஓசூர்ப் பக்கம் ஓடியவர்கள் நாம். ஒருவரின் மொழியைக் கேட்டு அவர் கள்ளரா நல்லவரா என்று முடிவு செய்வது எப்படிப்பட்ட கொடுமை என்று நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்? அவள் குறைத்துக் கேட்பதால் நம் கூலி குறையவில்லை. அவளும் நாமும் தனித்தனியே நிற்பதால்தான் குறைகிறது. கன்னடம் பேசும் பெண்ணும், தெலுங்கு பேசும் பெண்ணும், வங்காளி பேசும் பெண்ணும் ஒரே குடியிருப்பில் ஒரே கூலி கேட்கட்டும். செக்யூரிட்டிக் கூண்டின் பக்கத்தில் ஒரே வெயிலில் நிற்பவர்களுக்கு மொழி பல இருக்கலாம், நியாயம் ஒன்றுதான்.

சங்க உறுப்பினர்களுக்கு

கடைசியாக நமக்கு. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரும் மேலே சொன்ன பத்துக் கேள்விக்கும் தன் வீட்டின் பதிலை எழுதிச் சங்கத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. எதிர்ப்பவர்கள் எழுந்து நின்று காரணம் சொல்லட்டும். அந்தச் சகோதரியும் வருவார். முன்வரிசையில் நாற்காலி போட்டு வைப்போம். அந்தப் பாட்டியையும் அழைக்கிறோம். அவர் அன்று உள்ளறையில் பேசாத வார்த்தையை இங்கே பேசட்டும்.

அடுத்தவன் நம்மை நடத்தும் விதத்தைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எத்தனையோ பக்கம் எழுதிவிட்டோம். இன்று நாம் அடுத்தவளை நடத்தும் விதத்துக்கு ஒரு பக்கம்!

சிந்திப்பீர்! கூட்டத்துக்குத் தவறாமல் வருவீர்!